உங்களுக்குத் தெரியுமா?

கோழிக்குஞ்சு முட்டையை விட்டு வெளியே வருவதற்கு ஒரு நாள் முன்பே, ஓட்டுக்குள் இருந்தபடியே கத்தத் தொடங்கிவிடும்! முட்டையைக் காதோரம் வைத்தால் மெல்லிய ‘கீச் கீச்’ கேட்கும். அடைக்கோழியும் அடித்தொண்டையில் ‘கொக் கொக்’ என்று பதில் கொடுக்கும்.

• அடை வைத்து சுமார் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அலகின் நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முள் இருக்கும். ஓட்டை உடைக்கும் உளி அதுதான். சில நாட்களில் தானே உதிர்ந்துவிடும்.

• ஓட்டில் விரிசல் விட்ட பிறகும் வெளியே வர அரை நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பாவம் பார்த்து ஓட்டைப் பிய்க்காதீர்கள். உள்ளே ரத்தக் குழாய் அறுந்தால் குஞ்சு பிழைக்காது.

• முதல் நாளே இரை இல்லையே என்று பதற வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு 2 நாள் வரை தாங்கும்.

• அடை வைத்த 7-ஆம் நாள் இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு ஓடினால் கரு உண்டு. வெறுமனே வெளிச்சம் ஊடுருவினால் அது கூமுட்டை. உடனே எடுத்துவிடுங்கள், கூடையில் வெடித்தால் அந்த நாற்றம் லேசில் போகாது.

• குஞ்சுகளுக்குத் தண்ணீரை ஆழமில்லாத தட்டில் வையுங்கள், நடுவில் நாலு கூழாங்கல் போட்டு.