விம்மி ஒலிக்கும் நாணல்

இசைக்கவை ஒன்றின் புயத்தில் சிறிது மெழுகை ஒட்டி, மெழுகு ஒட்டாத மற்றொன்றுடன் சேர்த்து ஒலிக்கச் செய்து விம்மல்களை எண்ணும் சோதனையை இயற்பியல் மாணவர் எவரும் மறந்திருக்க முடியாது. அதிர்வெண்கள் 256, 252 எனில் நொடிக்கு 4 விம்மல்கள். மதிப்பெண் பெறுவதைத் தவிர இதனால் வேறு பயன் உண்டா என்று நான் நினைத்ததுண்டு. பாலஸ்தீன நாட்டுப்புற இசையின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டபோதுதான் விடை கிடைத்தது.

அதில் ஒலித்தது மிஜ்விஸ் என்னும் குழல். 'இணையானது' என்பது அப்பெயரின் பொருள். ஒரே நீளமுள்ள இரு நாணல் தண்டுகளைச் சேர்த்துப் பிணைத்திருப்பார்கள். ஒவ்வொரு விரலும் இரு குழல்களின் துளைகளையும் ஒருசேர மூடும். முதலில் கேட்டபோது, "சுருதி சேரவில்லையே!" என்றுதான் எண்ணினேன். சேராததே அதன் அழகு! இரண்டும் இம்மியளவு வேறுபடுவதால் விம்மல் பிறக்கிறது. ஒலி நடுங்கிக்கொண்டே வருகிறது. ஆய்வகத்தில் நாம் எண்ணுவதை அங்கே காதால் அனுபவிக்கிறார்கள். யர்கூல் என்ற மற்றொரு வகையில் ஒரு குழல் நீளமானது. அதில் துளைகள் இல்லை. அது ஒத்துப் போல ஒரே சுரத்தில் நிற்க, மற்றது பாடும்.

ஊதுபவர் மூச்சுக்காக நிறுத்துவதே இல்லை. கன்னங்களில் தேக்கிய காற்றை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்கிறார். நான் ஒரு பப்பாளித் தண்டில் முயன்று பார்த்து இருமியதுதான் மிச்சம்!

நகரங்களில் ஊத், கானூன் ஆகிய நரம்புக் கருவிகளுக்கே மதிப்பு. ஊத் கருவியில் மெட்டுகள் இல்லாததால், ஹார்மோனியத்தின் இரு கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கால் சுரங்களையும் விரல் தொட்டுவிடுகிறது.

ஆயினும் தப்கே ஆட்டத்திற்கு நாணலே வேண்டும். திருமண முற்றத்தில் கைகோத்து நின்று தரையை உதைத்து ஆடுவது தப்கே. மண் கூரைகளை ஊரார் ஒன்றுகூடி மிதித்து இறுக்கியதிலிருந்து இது பிறந்தது என்பார்கள். இதற்குப் பாடும் தலவூனா என்ற பாட்டின் பெயரையும், ஒருவருக்கொருவர் உதவுவதைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு சேர்த்தே விளக்குகிறார்கள்.

1948-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடிழந்தனர். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறிச்சோடின. மிதிக்க வேண்டிய கூரைகள் போய்விட்டன. மிதி மட்டும் லெபனான், ஜோர்தான் அகதி முகாம்களுக்கு உடன் சென்றது. 2023-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் பாலஸ்தீன தப்கேயைச் சேர்த்தது. முகாமில் பிறந்து, அந்தக் கூரையைக் கண்ணால் காணாத பேரப்பிள்ளைகளும் அதே அடவைத்தான் மிதிக்கிறார்கள்.