நீண்ட ஆங்கிலச் சொல்லுக்கு அஞ்சலாமா?

நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர், தெரிந்த விடயத்தைக்கூட ஆங்கிலத்தில் சொல்லாமல் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். சொல் தெரியாமலல்ல; பிழையாக உச்சரித்தால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். அதைப் போக்க வீட்டிலேயே வழியுண்டு.

தமிழில் ஒரு சொல்லின் அசைகளை ஏறக்குறைய ஒரே பலத்துடன் சொல்கிறோம். ஆங்கிலம் அப்படியல்ல. நீண்ட சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை தணிந்துவிடும். ஓங்கும் இடம் மாறினால், கேட்பவருக்குச் சொல்லே விளங்காமல் போகலாம்.

முதலில் சொல்லை அசைகளாகப் பிரியுங்கள். புறங்கையை நாடியின் கீழ் வைத்து மெதுவாகச் சொல்லுங்கள். நாடி இறங்கும் தடவைகளைக் கொண்டு அசைகளை எண்ணலாம். எண்ண வேண்டியது உயிரொலிகளையே, எழுத்துகளை அல்ல. 'மேக்' என்று எழுதும்போது உயிரெழுத்துகள் இரண்டு. ஒலிக்கும் அசையோ ஒன்றுதான்.

அடுத்தது அழுத்தம். பெரும்பாலும் சொல்லின் வாலே அதைக் காட்டிக்கொடுக்கும். 'ஷன்' என முடிந்தால் அதற்கு முந்திய அசை ஓங்கும். 'இக்-ஸா-மி-நே-ஷன்' என்பதில் 'நே' ஓங்குகிறது. 'இட்டி' என முடியும் 'யு-னி-வர்-ஸி-ட்டி'யில் 'வர்' ஓங்குகிறது. 'இக்' என முடியும் 'எ-க-நொ-மிக்'கில் 'நொ' ஓங்குகிறது. விதிவிலக்குகளும் உண்டு. நான் கற்பிக்கும் மொழியின் பெயரே அதற்குச் சான்று: 'அ-ர-பிக்' என்பதில் முதலசைதான் ஓங்கும்!

வால் மாறினால் அழுத்தமும் இடம்மாறும். 'ஃபோ-ட்ட-கிராஃப்' என்பதில் முதலசை, 'ஃப-டொக்-ர-ஃபி'யில் இரண்டாம் அசை, 'ஃபோ-ட்ட-கிரா-ஃபிக்'கில் மூன்றாம் அசை. 'ரெக்கோட்' என்று முதலசையை அழுத்தினால் பதிவு என்னும் பெயர்ச்சொல். 'ரிக்கோட்' என்று இரண்டாவதை அழுத்தினால் பதிவுசெய் என்னும் வினைச்சொல்.

ஐயம் வந்தால் அகராதியைப் புரட்டுங்கள். டானியல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஒலியியல் அறிஞர் 1917ஆம் ஆண்டிலேயே உச்சரிப்புக்கென்று தனி அகராதி வெளியிட்டார். இன்று மாணவர்களுக்கான நல்ல அகராதிகளில், ஓங்கும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். பிள்ளைக்கு அதைக் காட்டிக்கொடுங்கள்.

இரவுச் சாப்பாட்டின் பின் நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை; பிள்ளை பிரித்துச் சொல்ல, அவர் விரல்விட்டு எண்ணலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பிள்ளை பிழைவிட்டால் வீட்டில் எவரும் சிரிக்கக் கூடாது. வீட்டில் சிரிப்புக்கு ஆளாகாத பிள்ளை, வெளியில் வாய்திறக்க அஞ்சாது.