இல்லத்திற்கேற்ற தொலைக்காட்சிப் பெட்டி: விலையும் பயனும்

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1975-76இல் செயற்கைக்கோள் வழிக் கல்விச் சோதனை நடைபெற்றபோது, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் பொது இடங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஊரே கூடி ஒரு திரையைக் கண்டது. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. இன்று தட்டைத் திரைப் பெட்டி எளிய குடும்பங்களின் கூடத்திலும் இடம்பெற்றுவிட்டது. எனினும், குறைந்த வருவாயுள்ள ஒரு குடும்பத்திற்கு அது பல மாதச் சேமிப்பை விழுங்கும் பொருளாகும். கடையின் பளபளப்பை மட்டும் கண்டு முடிவு செய்தால், அதன் சுமையை ஏழெட்டு ஆண்டுகள் தாங்க நேரிடும். பெட்டியின் உண்மையான விலை, வாங்கும் நாளில் கொடுக்கும் தொகை மட்டுமன்று. அது பயன்படும் காலம் முழுவதும் ஆகும் செலவும் அதில் சேரும்.

அறையே அளவுகோல்

திரையின் அளவு ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை கணக்கிடப்படுகிறது. நடுத்தர அளவு எனப்படுபவை பெரும்பாலும் 32 அங்குலமும் 43 அங்குலமும் ஆகும். 43 அங்குலத் திரை ஏறத்தாழ 95 செ.மீ. அகலமும் 53 செ.மீ. உயரமும் உடையது. மூலைவிட்டத்தில் வேறுபாடு 11 அங்குலமே எனினும், பரப்பில் அது 32 அங்குலத் திரையைவிட 80 விழுக்காடு பெரியதாகும்.

மூலைவிட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு தொலைவில் அமர்ந்து காண்பது பொதுவாக வசதியானது. இதன்படி 32 அங்குலத்திற்குச் சுமார் 1.2 முதல் 2 மீட்டரும், 43 அங்குலத்திற்குச் சுமார் 1.6 முதல் 2.7 மீட்டரும் பொருந்தும். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட கூடத்தில் சுவருக்கும் இருக்கைக்கும் இடையே 2.4 மீட்டர் இருக்குமாயின், 43 அங்குலம் போதுமானது. சிறிய படுக்கையறைக்கு 32 அங்குலமே ஏற்றது. கடைக்குச் செல்வதற்கு முன் இத்தொலைவை அளந்து குறித்துக்கொள்வது முதற்கடமையாகும்.

தெளிவு எவ்வளவு தேவை?

திரை, புள்ளிகளால் ஆனது. 1366 × 768 புள்ளிகள் கொண்டது எச்.டி. எனவும், 1920 × 1080 கொண்டது முழு எச்.டி. எனவும், 3840 × 2160 கொண்டது 4கே எனவும் வழங்கப்பெறும். புள்ளிகளின் எண்ணிக்கை முறையே சுமார் 10 இலட்சம், 21 இலட்சம், 83 இலட்சம் ஆகும்.

எண்ணிக்கை கூடக்கூடத் தெளிவும் கூடும் என்பது ஓர் எல்லை வரையே உண்மை. இயல்பான கண் பகுத்தறியக்கூடிய மிகச்சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஆகும். இதைக்கொண்டு கணக்கிட்டால், 43 அங்குல முழு எச்.டி. திரையின் தனிப் புள்ளிகள் 1.7 மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே 2.4 மீட்டர் தொலைவில் அமர்பவர், 4கே புள்ளிகளுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் பயனைப் பெரிதும் உணரமாட்டார். விலை வேறுபாடு மிகச் சிறிதாயின் 4கே பெட்டியைக் கொள்வதில் தவறில்லை.

வீட்டிற்கு வரும் ஒளிபரப்பின் தரத்தையும் நோக்க வேண்டும். செயற்கைக்கோள் வழி வரும் அலைவரிசைகளில் பல 720 × 576 புள்ளிகள் கொண்ட சாதாரணத் தெளிவுடையவை. அவற்றை மிகப் பெரிய திரையில் விரித்தால் படம் மங்கியே தோன்றும். இத்தகைய அலைவரிசைகளையே காணும் குடும்பத்திற்குப் பெரிய திரை நட்டமாகும்.

திரையின் இயல்பு

எல்.இ.டி. என விற்கப்படும் மலிவு விலைப் பெட்டிகள் உண்மையில் எல்.சி.டி. திரைகளே, பின்னிருந்து ஒளி தரும் விளக்குகளே எல்.இ.டி. ஆகும். இவற்றில் ஐ.பி.எஸ். வகை, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வி.ஏ. வகையில் கருமை ஆழமாக இருக்கும்; ஆனால் நேரே அமர்ந்தே காண வேண்டும். குடும்பத்தினர் கூடத்தில் பரவலாக அமர்வராயின், கடையிலேயே பக்கவாட்டில் நின்று திரையைக் காண்பது நலம்.

மின் செலவு

எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியீட்டுத் திட்டம் 2006இல் தொடங்கப்பட்டது. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் இதில் அடங்கும். நட்சத்திர மதிப்பு திரையின் அளவைப் பொறுத்தே வழங்கப்படுவதால், ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைவிட மிகுதியாக மின்சாரம் கொள்ளக்கூடும். எனவே நட்சத்திரத்தோடு ஆண்டு மின்நுகர்வு எத்தனை யூனிட் என்பதையும் படிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 60 வாட் பெட்டி நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் இயங்கினால் ஆண்டுக்குச் சுமார் 110 யூனிட் ஆகும். 100 வாட் பெட்டிக்குச் சுமார் 183 யூனிட். வேறுபாடு 73 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் எனக் கொண்டால் ஏழாண்டுகளில் அது மூவாயிரம் ரூபாயைத் தாண்டும். கடையில் கண்ணைக் கவர்வதற்காக உச்ச ஒளியில் அமைக்கப்பட்ட பெட்டியை வீட்டில் இல்லப் பயன்பாட்டு அமைப்பிற்கு மாற்றி, ஒளியைக் குறைத்தால் மின்செலவு குறையும், கண்ணுக்கும் நலம்.

வரியும் தவணையும்

சரக்கு மற்றும் சேவை வரியில் 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு முன்னர் 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றிற்கும் 18 விழுக்காடே உரியதாயிற்று. வரிக்கு முந்திய விலை 20,000 ரூபாயாயின், 25,600 ரூபாயாக இருந்த விலை 23,600 ஆகிறது. 43 அங்குலப் பெட்டி வாங்குவோர் இந்தப் பயன் தமக்குக் கிடைத்துள்ளதா என்பதை இரசீதில் சரிபார்க்கலாம்.

வட்டியில்லாத் தவணை என்னும் விளம்பரத்தையும் ஆராய வேண்டும். பூச்சிய விழுக்காடு வட்டி என்பதே இல்லாத ஒன்று என இந்திய ரிசர்வ் வங்கி 2013இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ரொக்கமாக 22,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பெட்டிக்கு மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணை செலுத்தினால், அது ஆண்டுக்குச் சுமார் 16 விழுக்காடு வட்டிக்கு ஒப்பாகும். ரொக்க விலையைத் தனியே கேட்டறிவதே இதற்குக் காப்பு.

இணையமும் இலவச ஒளிபரப்பும்

இணைய வசதியுள்ள பெட்டி அனைவருக்கும் இன்றியமையாததன்று. உயர் தெளிவுப் படம் மணிக்குச் சுமார் 3 ஜி.பி. வரை தரவு கொள்ளக்கூடும். கைப்பேசியின் நாளொன்றுக்கு 2 ஜி.பி. திட்டத்தை மட்டும் நம்பியிருப்போருக்கு இது ஒரு படத்திற்கும் காணாது. மேலும், திரை பல ஆண்டுகள் உழைக்கும்; அதனுள் உள்ள மென்பொருளோ விரைவில் பழமையாகிவிடும். எச்.டி.எம்.ஐ. இணைப்பு இரண்டேனும் இருப்பின், இணையக் கருவியைப் பின்னர்த் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

2004 டிசம்பரில் தொடங்கப்பட்ட தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. செயற்கைக்கோள் அலை வாங்கியைத் தன்னுள்ளேயே கொண்ட பெட்டிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்னும் தரத்தை வகுத்துள்ளது. இத்தரத்திற்கேற்ற பெட்டியில், தனிப்பெட்டி இல்லாமலேயே டிஷ் ஆண்டெனாவை இணைத்து இலவச அலைவரிசைகளைக் காண இயலும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

அமைவனத்தின் பதிவு எண் பெட்டியின் மீது உள்ளதா என நோக்குக. பழுதானால் மிகுந்த செலவு வைப்பது திரையே. ஆதலின் உத்தரவாதம் திரைக்கும் பொருந்துமா, சேவை நிலையம் தம் மாவட்டத்தில் உண்டா என்பவற்றை முன்னரே கேட்டறிய வேண்டும். குறையிருப்பின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அணுகலாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின் கீழ்த் தொலைக்காட்சிப் பெட்டிகளும் வருகின்றன. பழைய பெட்டியைக் குப்பையில் எறியாமல் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

அறையின் தொலைவு, வரும் ஒளிபரப்பு, ஆண்டு மின்நுகர்வு, ரொக்க விலை, சேவை வசதி ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லும் குடும்பம், தனக்குத் தேவையற்றதற்குப் பணம் கொடுக்காது. அவ்வாறு மிஞ்சும் சில ஆயிரம் ரூபாய், பிள்ளைகளின் புத்தகத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ உதவும்.