தரவு மையங்களுக்குத் தண்ணீர்: 'திருப்பித் தருவோம்' என்ற வாக்குறுதியின் பொருள் என்ன?

ஆந்திர மாநிலம் விசாகப்பட்டினத்தில் 5 ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் செயற்கை நுண்ணறிவு மையம் அமைக்கப்படும் என கூகுள் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது. இத்தகைய மையங்களுக்கு மின்சாரம் மட்டுமன்றி, பல இடங்களில் தண்ணீரும் பெருமளவில் தேவைப்படுகிறது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 18 சதவீதத்தினர் வாழும் இந்தியாவிடம் உலக நீர்வளத்தில் சுமார் 4 சதவீதமே உள்ளது. எனவே, தரவு மையங்களின் தண்ணீர்க் கணக்கு கவனம் பெறுகிறது.

தண்ணீர் எதற்கு?

இரவு பகலாக இயங்கும் சர்வர்கள் வெளியிடும் வெப்பத்தைத் தணிக்க, பல மையங்களில் குளிர்விப்புக் கோபுரங்கள் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றில் தண்ணீர் ஆவியாகும்போது வெப்பமும் வெளியேறுகிறது. வீடுகளில் பயன்படுத்தப்படும் நீரின் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்புவதால், அதனைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த முடியும். ஆவியாகிவிட்ட நீரை அவ்வாறு மீட்க இயலாது.

வாக்குறுதி என்ன?

பயன்படுத்தும் நீரைவிட அதிகமான நீரை 2030-ஆம் ஆண்டுக்குள் திருப்பித் தருவதாக மைக்ரோசாஃப்ட் 2020-லும், கூகுள், மெட்டா ஆகியவை 2021-லும் அறிவித்தன. கூகுளின் இலக்கு, நுகரும் நன்னீரில் 120 சதவீதம். ஈரநிலங்களை மீட்டல், பாசன நீர் விரயத்தைக் குறைத்தல் போன்ற திட்டங்களுக்கு நிதியளிப்பதன் மூலம் இது கணக்கிடப்படுகிறது.

கூகுளின் அறிக்கைகளின்படி, அந்நிறுவனம் ஈடுசெய்த நீரின் அளவு 2023-இல் நன்னீர் நுகர்வில் 18 சதவீதமாக இருந்து, 2024-இல் 64 சதவீதமாக உயர்ந்தது. அதே காலத்தில் அதன் மொத்த நீர் நுகர்வும் சுமார் 2,400 கோடி லிட்டரிலிருந்து 3,000 கோடி லிட்டருக்கும் மேலாக அதிகரித்தது.

சிக்கல் எங்கே?

கரியமில வாயு எங்கு வெளியானாலும் ஒரே வளிமண்டலத்தில் கலக்கிறது. ஆகவே, ஓரிடத்து உமிழ்வை வேறோர் இடத்தில் ஈடுசெய்வதாகக் கூறுவதற்கு ஓரளவு அடிப்படை உண்டு. தண்ணீரின் இயல்பு வேறு. ஓர் ஆற்றுப்படுகையில் எடுக்கப்பட்ட நீரை மற்றொரு படுகையில் ஈடுசெய்தால், முதலாவது ஊரின் கிணறுகளில் நீர்மட்டம் உயராது. நிறுவனத்தின் ஒட்டுமொத்தக் கணக்கு நிறைவடைந்தாலும், மையம் அமைந்துள்ள ஊரின் பற்றாக்குறை தொடரக்கூடும்.

ஊர்வாரியான விவரத்தைப் பெறுவதும் எளிதாக இருந்ததில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள தி டேல்ஸ் நகரில் கூகுள் பயன்படுத்தும் நீரின் அளவை 'தி ஓரிகோனியன்' நாளிதழ் கோரியபோது, அது வணிக ரகசியம் எனக் கூறி நகர நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. 2022 டிசம்பரில் அவ்வழக்கு கைவிடப்பட்ட பின்னரே விவரம் வெளியானது. 2021-இல் கூகுள் அங்கு பயன்படுத்திய நீர் சுமார் 134 கோடி லிட்டர். நகரின் மொத்தப் பயன்பாட்டில் இது நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம்.

மாற்று வழி உண்டா?

ஒரே நீரை மீண்டும் மீண்டும் சுழற்றும் மூடிய சுற்றுக் குளிர்விப்பு முறையும், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரும் நன்னீர்த் தேவையைக் குறைக்கின்றன. எனினும், மூடிய சுற்று முறைக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படலாம். அம்மின்சாரம் அனல் மின்நிலையத்திலிருந்து வந்தால், அங்கும் தண்ணீர் செலவாகும்.

எனவே, புதிய மையங்களுக்கு அனுமதி வழங்கும் மாநில அரசுகள் கேட்டுப் பெற வேண்டிய விவரங்கள் நான்கு: ஆண்டு நீர் நுகர்வு, கோடைக்காலத் தேவை, நீரின் ஆதாரம், ஈடுசெய்யப்படும் ஆற்றுப்படுகை. இவை மையம்வாரியாக வெளியிடப்பட்டால் மட்டுமே, 2030-ஆம் ஆண்டு வாக்குறுதி நிறைவேறியதா என்பதை அந்தந்த ஊர் மக்கள் சரிபார்க்க இயலும்.