யார் இந்த நாட்டார்?

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 முதல் நடந்த அகழாய்வில் கிடைத்தவை என்ன? நுண்கற் கருவிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள்!

'நம் முன்னோர்!' என்று நெஞ்சு நிமிர்வது இயல்பே. ஆனால் வளையல் அணிந்தவள் எந்தக் குலம்? வளையல் சொல்லாது. அவள் இங்கே வாழ்ந்தாள், கடற்சங்கு இங்கே வந்தது என்று மட்டுமே சொல்லும்.

குடியரசு பிறக்குமுன் இந்தியாவும் 'யார் நம்மவர்?' என்று கேட்டது. 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில், எந்த நாட்டிலும் குடியுரிமை இல்லாத இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் குடியுரிமை தரவேண்டும் என்றார் தேஷ்முக். சபை ஏற்கவில்லை.

இங்கே நிலையாகக் குடியிருப்பவர், இங்கே பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவர் பிறந்திருந்தாலும், 5 ஆண்டு வசித்திருந்தாலும் குடிமக்களே என்றது 5-வது பிரிவு. குலமும் சமயமும் அதில் இல்லை!