ஊசி போட்ட கோழியா?

சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் இருக்கும் கோழிக்கறித் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கோத்திருக்கும். "ரத்தம் வடியவே இல்ல, பழைய கறி" என்று திருப்பி வைத்துவிடுபவர்கள் உண்டு. அது ரத்தமே அல்ல. தசையிலிருந்து கசியும் நீர். மயோகுளோபின் என்ற புரதம் அதற்கு நிறம் தருகிறது. கறி பழசா என்பதைத் தேதியும் வாடையும் பிசுபிசுப்பும் சொல்லிவிடும்.

இதைவிடப் பெரிய பயம் ஹார்மோன் ஊசி. 'நாற்பது நாளில் இரண்டு கிலோ எப்படி வரும்?' கேள்வி நியாயமானதுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டின் கோழி இனத்தையும் 2005-இன் பிராய்லர் இனத்தையும் ஒரே தீனி போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாள் பழைய இனம் சுமார் 900 கிராம், புதியது 4.2 கிலோ. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கியதன் விளைவு இது. வளர்ச்சி ஹார்மோனைத் தீனியில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசி என்றால் ஒரு கொட்டகையின் ஆயிரக்கணக்கான கோழிகளையும் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும்; கட்டுப்படியாகாது. பண்ணையில் பலர் பார்த்தது வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தாக இருக்கும். அதுவும் பெரும்பாலும் கண்ணில் விடும் சொட்டு, இல்லையென்றால் குடிதண்ணீரில் கலப்பது.

பயப்பட வேண்டிய மருந்து வேறு: ஆன்டிபயாடிக். 2014-இல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் அந்த வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டினைக் கோழி கொழுக்கவும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019-இல்தான் மத்திய அரசு தடைசெய்தது. ஒரு வேளைக் கறி நம்மைச் சாய்த்துவிடாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பண்ணையில் பெருகுவதுதான் ஆபத்து.

அந்தக் கிருமி வீட்டுக்குள் நுழையும் வழி சமையலறைத் தொட்டி. மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீரில் அலசாமல் நம் வீடுகளில் கறி அடுப்பேறாது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும்போது தெறிக்கும் துளிகளில் சால்மோனெல்லாவும் கேம்பைலோபேக்டரும் போய்ப் பக்கத்துப் பாத்திரங்களில் உட்காரும். கழுவவே வேண்டாம் என்கிறார்கள் நிபுணர்கள். எனக்கும் மனசு கேட்காது. அலசித்தான் தீருவேன் என்றால் ஒரு சட்டித் தண்ணீரில் மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

உள்ளே 74 டிகிரி செல்சியஸ் ஏறினால் இந்தக் கிருமிகள் சாகும். துண்டுகள் நன்றாக வேகக் கொதித்த குழம்பு அதைத் தாண்டிவிடும். கறி வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்கித் தயிர்ப் பச்சடி செய்கிறோமே, அதை யாரும் கொதிக்க வைப்பதில்லை.