அடுப்பு மூட்டாத மதியச் சாப்பாடு

டோம்பிவிலியிலிருந்து காலை லோக்கலைப் பிடித்து ஓடும் நம் சகோதரிகளுக்கு மதிய டப்பா என்பது தினசரிப் பரீட்சை. மே மாதத்திலோ சமையலறையில் நிற்கவே முடிவதில்லை. டப்பா கட்ட முடியாத நாட்களில் என் கணவர் வடாபாவ் தின்றே காலம் தள்ளினார். எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்த பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி இது.

முதல் நாள் மாலையே பக்கத்துப் போளி பாஜி கேந்திரத்தில் நான்கு சப்பாத்தி வாங்கிவிடுவேன். (மராட்டியில் போளி என்றால் சப்பாத்தியும்தான். ஊரிலிருந்து வந்த புதிதில் என் மாமியார் அதற்குள் பூரணத்தைத் தேடினார்!) கெட்டித் தயிரைத் துணியில் முடிந்து, வடிகட்டியில் வைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வடிய விடுங்கள். காலையில் வெண்ணெய் போலத் தடவ வரும். அதில் ஒரு ஸ்பூன் இட்லி மிளகாய்ப் பொடி கலந்து சப்பாத்தியில் தடவி, துருவிய காரட், வெள்ளரி, கொத்தமல்லி தூவி இறுக்கமாகச் சுருட்ட வேண்டியதுதான்.

இதில் வில்லன் வெள்ளரி. உப்புப் பட்டதும் தண்ணீர் விட்டு, மதியத்துக்குள் சப்பாத்தியை நசநசக்க வைத்துவிடும். விதை நீக்கி நறுக்கி, உப்புப் பிசறி வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள். வந்து ஒட்டப் பிழிந்தால் போதும். தயிருக்குத் தனி உப்பு வேண்டாம்.

ஆபீஸில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் வெயில் காலத்தில் தயிரை விட்டுவிட்டு, பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவுவது நல்லது. மழைக்காலத்தில் கொத்தமல்லியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் சேர்க்காதீர்கள்.

என் கணவருக்கு வடாபாவ் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மாமியார்தான் இன்னும் இதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளவில்லை, பலகாரம் என்கிறார்.